சித்திரை அறையும் மார்கழி அறையும்

"இந்தக் கடிகாரம் அடிக்க வேண்டாம். வேளைக்கு விளக்கை அணைச்சா போதும். செஞ்சு தர முடியுமாண்ணே?"

செய்யூர் கடைத்தெருவில் நான் பம்புசெட்டு மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்த காலம். எழுபதுகள். காலை பஸ்ஸை விட்டு இறங்கி, நேரே என் கடைப் படியேறி, கும்பிடு, ஊர், பேர் எதுவும் இல்லாமல் ஓர் அம்மாள் இப்படித்தான் ஆரம்பித்தார். கையில் அலாரம் கடிகாரம். புடவைத் தலைப்பில் பஸ் புழுதி. என்னைவிட இரண்டொரு வயது சிறியவராக இருக்கலாம்.

"யாரை எழுப்பணும்மா?" என்றேன்.

"யாரையும் எழுப்ப வேண்டாம். எலியை ஏமாத்தணும்."

"அதுக்கு மசால் வடை போதுமே."

"மசால் வடை எலியைப் பிடிக்கறதுக்கு. நான் பொழுதைக் காட்டி ஏமாத்தணும்."

அவர் பேரை நான் எழுதப்போவதில்லை. இன்று உயிரோடு இருந்தால் அவரே சொல்வார், "பேர் எதுக்கு? எப்போ நடந்ததுன்னு சரியா எழுதுங்க" என்று. அதுதான் எனக்கு வராது. எந்த வருஷம் என்று கேட்டால், மின்வெட்டு அதிகமாக இருந்த வருஷம் என்பேன். அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர்; அதனால் எங்களுக்கு அவர் டீச்சரம்மா. ஆராய்ச்சிப் பட்டத்துக்காகச் சம்பளம் இல்லாத லீவு போட்டுவிட்டு எங்கள் பக்கம் வந்திருந்தார். அந்த லீவைக் கல்லூரி ஒரு தரம்தான் தரும். அதற்குள் வேலை முடிந்து, பட்டணத்திலிருக்கும் பேராசிரியர் வந்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் எலியையும் ஆராய்ச்சியையும் ஏறக்கட்டிவிட்டு வகுப்பறைக்குத் திரும்ப வேண்டியதுதான். இதை அவர் முதல் நாளே, பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டார்.

கடப்பாக்கம் போகிற வழியில், சவுக்குத் தோப்பைத் தாண்டி ஒரு பழைய உப்புக் கிடங்கு இருந்தது. முழக் கனத்துக்குச் சுவர். ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் உள்ளே பட்டப்பகலும் நடுநிசியும் ஒன்றுதான். வாடகை வீடு பார்க்கிறவர்கள் காற்று நன்றாக இருக்கிறது என்பார்கள். இவர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இருட்டு நல்லா இருக்கு" என்று சொல்லிப் பிடித்துக்கொண்டார். நடுவே ஒரு சுவர் எழுப்பி இரண்டு அறையாக்கினார்.

எலிகள் ராஜஸ்தான் பாலைவனத்திலிருந்து ரயிலில், மரப்பெட்டிக்குள் வந்தன. மணலில் வளை தோண்டி வாழ்கிறவை. பகலெல்லாம் தூங்கி, இருட்டியதும் ஓட ஆரம்பிக்கும். நம் சவுக்குத் தோப்பு மணலில் இருக்கிற வெள்ளெலிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கண், வால் நுனியில் குஞ்சம். வடக்கேயிருந்து வந்ததால் ஊரார் வைத்த பேர் சேட்டு எலி.

அந்த எலிகளின் ஊரில் கோடைப் பகல் நீண்டுகொண்டே போகும், குளிர்காலத்தில் சட்டென்று இருட்டிவிடும். நம் பக்கம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பகலின் நீளம் மாறினால் அந்த எலியின் உடம்புக்குள் தூக்கமும் ஓட்டமும் எப்படி மாறுகின்றன என்பதுதான் டீச்சரம்மாவின் கேள்வி. அதற்காக ஓர் அறையில் என்றைக்கும் நீண்ட பகல், இன்னோர் அறையில் என்றைக்கும் குறுகிய பகல். வேளைக்கு ட்யூப் லைட்டை ஏற்றி அணைக்க நான் செய்து கொடுத்த கடிகாரச் சுவிட்சுகள். மின்சாரம் போனால் பொய்யிருட்டு வந்துவிடாமல் இருக்க அறைக்கொரு லாரி பேட்டரி.

கூடு கழுவ, தீனி வைக்க, குப்பத்திலிருந்து அஞ்சலையை அமர்த்தியிருந்தார். நாற்பது வயசு இருக்கும். புருஷன் கட்டுமரத்தில் போகிறவன். முதல் நாளே என்னிடம் வந்து, "இன்னா அண்ணாத்த, எலிக்கு ட்யூப் லைட்டா? எங்க வூட்ல இன்னும் சிம்னி வெளக்குதான் எரிஞ்சிகினு கீது" என்றாள். டீச்சரம்மாவின் காதில் அது விழுந்தது. "நியாயம்தான்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்கே அஞ்சலை அவரிடம் ஒட்டிக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

'நீண்ட பகல் அறை', 'குறுகிய பகல் அறை' என்று டீச்சரம்மா கதவைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். அஞ்சலை இரண்டையும் எட்டிப் பார்த்தாள். "இது சித்திர, அது மார்கழி. அப்டி சொன்னா பூடுது" என்றாள். கதவில் சீட்டு ஒட்டும்போது டீச்சரம்மா அப்படியே எழுதினார்: சித்திரை, மார்கழி. மார்கழி அறையில் மத்தியானம் சாயும்போதே விளக்கு அணைந்துவிடும். சித்திரை அறையில் ஊர் சாப்பிட்டுப் படுக்கப் போகும் வரை பகல்தான்.

வரும்போதே வயிற்றில் குட்டியோடு வந்த ஒரு எலி சித்திரை அறையில் ஈன்றது. மார்கழி அறையில் ஒன்றுமில்லை. "பின்ன? மார்கழில எவனாச்சும் கல்யாணம் பண்ணுவானா?" என்றாள் அஞ்சலை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். டீச்சரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியும் இருக்கலாம். ஆனா ஒரு எலியை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். வேடிக்கைப் பேச்சுக்கும் அவரிடம் ஒழுங்கான பதில் கிடைக்கும்.

ஒவ்வொரு கூண்டிலும் எலி ஓட ஒரு சக்கரம். டால்டா டின் மூடியும் கோழிக்கூட்டு வலையும் கொண்டு நான்தான் செய்தேன். சக்கரம் சுற்றும்போதெல்லாம், மெல்ல நகரும் காகிதச் சுருளில் ஒரு பேனா சின்னதாய்க் கோடு கிழிக்கும். எலி எப்போது எழுந்து ஓடியது, எப்போது நின்றது, எல்லாம் அந்தக் கோட்டில் வந்துவிடும். பாலைவனத்து எலிக்குக் கடற்காற்று ஈரம் ஆகாது. அதற்காக அஞ்சலை வேர்க்கடலை வறுக்கிற சட்டியில் மணலை வறுத்து ஆறவைத்துக் கூண்டில் கொட்டுவாள். எலிகள் அதில் புரண்டு புரண்டு குளிக்கும். இருட்டு வேளையில் அறைக்குள் போக வேண்டுமானால் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச்சுதான். அந்த மங்கல் சிவப்பு எலியின் கண்ணில் அவ்வளவாகப் படாது என்றார்.

அந்தக் கோடுகளைக் காட்டி ஒரு தரம் சொன்னார்: "பாருங்கண்ணே, சித்திரையில ராத்திரி சின்னது. எலி அதுக்குத் தகுந்த மாதிரி ஓட்டத்தையும் சின்னதா மடிச்சுக்குது. மார்கழியில விரிச்சுக்குது. எலிக்கு ஏது காலண்டர்? இருட்டோட நீளம்தான் அதுக்குக் காலண்டர்."

நான் படித்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் பிறர் சொல்லக் கேட்டது. அதனால் யாராவது இப்படி ஒன்று சொன்னால் அதை மறக்க மாட்டேன்.

ஆனால் ஊருக்கு அவரிடம் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான். எப்போ. பஸ் தாமதமாக வந்தால் மற்றவர்கள் ஏன் லேட்டு என்பார்கள். இவர், "மதுராந்தகத்துல எப்போ எடுத்தீங்க?" என்பார். "இந்தம்மா வண்டில ஏறுனா எனக்குப் பரிச்ச எழுதற மாதிரியே கீது" என்று கண்டக்டர் புலம்புவார். மீன் விற்க வருகிறவளிடம் விலை கேட்பதற்கு முன்னால், "எப்போ வலை இழுத்தாங்க?" என்பார். யார், ஏன் என்று அவர் கேட்டு நான் அதிகம் கேட்டதில்லை. யார் என்று கேட்டால் ஆள் பயந்துகொள்ளும், ஏன் என்று கேட்டால் கதை கட்டும், எப்போ என்று கேட்டால்தான் நடந்தது வரும் என்பார்.

அந்தச் சொல் எல்லா இடத்திலும் செல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். என் சின்ன மகளுக்கு ஜுரம் வந்து நான் வேலைக்குப் போகாதபோது, வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். வந்ததும் வராததுமாய், "ஜுரம் எப்போ ஏறுது? காலையிலயா, சாயங்காலமா?" என்றார். என் மனைவி மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். "கொயந்த எப்டி கீதுன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டாங்களா?" என்று அடுக்களையிலிருந்து காதில் விழும்படியாகவே சொன்னாள். டீச்சரம்மா முகம் சுண்டிப்போனது. மறுநாள் ஆரஞ்சுப் பழத்தோடு மறுபடி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, மனப்பாடம் செய்துகொண்டு வந்த பிள்ளை ஒப்பிப்பதுபோல், "குழந்தை எப்படி இருக்கா?" என்றார். என் மனைவி சிரித்துவிட்டாள். காபி கொடுத்தாள். காபியைக் குடித்து முடித்துவிட்டு, தயங்கித் தயங்கி, "எப்போலேருந்து தேவலை?" என்றார்.

ஒரு நாள் காலை மின்சாரம் போயிற்று. பேட்டரிகள் அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். மார்கழி அறையில் எடுத்துக்கொண்டது, சித்திரை அறையில் எடுக்கவில்லை. உப்புக் காற்றில் அதன் முனை பூத்துப்போயிருந்தது. சித்திரை அறையில் நடுப்பகலில் கும்மிருட்டு. நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், கல்யாணத்துக்கு வாடகை விடுகிற கடையிலிருந்து இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கொண்டுவந்தேன். அங்கே மாட்ட ஆணி இல்லை, தரையில் வைத்தால் மேல் கூண்டுகளுக்கு எட்டாது. ஆகவே டீச்சரம்மா ஒரு விளக்கைத் தூக்கிப் பிடித்தார். நான் ஒன்றைப் பிடித்தேன். கை வலித்தால் அஞ்சலை மாற்றிக்கொள்வாள். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே நாங்கள் வேர்வை சொட்டச் சொட்டப் பகலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

"சூரியனுக்கு லீவு குடுத்துட்டு நம்மள வேலைக்கு வெச்சுகினாங்க" என்றாள் அஞ்சலை. "கூலிய யாரு, சூரியனா குடுக்கும்?"

"பேசாம பிடி அஞ்சலை. உன் பக்கம் சாயங்காலம் ஆயிட்டிருக்கு" என்றார் டீச்சரம்மா.

பேராசிரியர் முதல் தடவை காரில் வந்தபோது கையில் ஒரு கல் யானை இருந்தது. கடலோரமாக நேரே வர நல்ல பாதை இல்லாத காலம். மாமல்லபுரம் பார்த்துவிட்டு, யானையை வாங்கிக்கொண்டு, செங்கல்பட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். சித்திரை அறைக் கோடுகளைப் பார்த்துத் தலையாட்டினார். மார்கழிக் கோடுகளைப் பார்த்ததும் அவருடைய புருவம் சுருங்கியது.

ஒவ்வொரு நாளின் கோடும் ஒரு பட்டை. டீச்சரம்மா அவற்றை ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டிச் சுவரில் தொங்கவிட்டிருந்தார். எலிகள் தினமும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தால் பட்டைகளின் விளிம்பு சுவர்போல் நேராக இறங்க வேண்டும். மார்கழியில் அப்படி இல்லை. சில நாள் நேராக இருந்து, திடீரென்று ஒரு நாள் எல்லா எலியும் தாமதமாக எழுந்திருக்கும். பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நேரத்துக்கு வரும். வந்து சேர்ந்ததும் மறுபடி ஒரு தாவல்.

"சுவிட்ச் யார் பண்ணது? உள்ளூர் ஆளா?" என்றார் பேராசிரியர். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"சுவிட்ச் சரியான நேரத்துக்குத்தான் அணையுது சார். பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன்" என்றார் டீச்சரம்மா.

"அப்போ எலி கோளாறு. அந்த நாளையெல்லாம் விட்டுட்டு மீதியை எழுதிடுங்க."

"விட்டுடலாம் சார். எப்போ தாவுதுன்னு தெரிஞ்சப்புறம் விடறேன்."

அவருக்குக் கொஞ்சம் கோபம். "அடுத்த தடவை நான் வர்றதுக்குள்ள உங்க லீவு முடியப்போகுது. இது இப்படியே இருந்தா கையெழுத்துப் போட மாட்டேன்மா" என்று சொல்லிவிட்டு யானையோடு காரில் ஏறினார்.

அதற்கப்புறம் டீச்சரம்மா அந்தச் சுவர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். நான் சுவிட்சு ஒவ்வொன்றையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஒரு திங்கட்கிழமை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "இன்னியோட நம்ம சீட்டு கிழிஞ்சுது அண்ணாத்த" என்று அஞ்சலை என் காதில் முணுமுணுத்தாள்.

"யாருன்னு கேக்கல" என்றுதான் டீச்சரம்மா ஆரம்பித்தார். "எலி தாமதமா எழுந்திருக்கறது எல்லாம் சனிக்கிழமை. சித்திரையில இல்ல, மார்கழியில மட்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் ஊருக்கு பஸ் ஏறிடறேன். அதுக்கப்புறம் இந்தக் கதவு எப்போ எப்போ திறக்குது? அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அஞ்சலை யோசித்தாள். பயந்த மாதிரியே தெரியவில்லை. "வெள்ளிக்கெழமையா? மத்தியானம் தீனி வெப்பேன். அப்புறம் வூட்டுக்குப் போயி தல முழுவிட்டு, வெளக்கு வெக்கிற நேரத்துக்கு வந்து ரெண்டு ரூமுலயும் வெளக்கு காட்டிட்டுப் போவேன். அவ்ளோதான் டீச்சரம்மா."

டீச்சரம்மா பென்சிலை எடுத்துக்கொண்டார்.

"என்ன விளக்கு?"

"அகல்தான். வெளக்கு வெக்கிற நேரத்துல ஒரு ரூமு இருண்டு கெடந்தா எப்டி? மூதேவி வந்து குந்திக்கமாட்டா? ஒவ்வொரு கூண்டா காட்டுவேன், அதுங்களும் உசுருதான. காட்டிட்டு மாடத்துல வெச்சுட்டு, அப்புறம் எடுத்துக்கினு போயிடுவேன்."

"எவ்வளவு நேரம் எரியும்?"

"ஒரு வெத்தல போட்டுத் துப்பற நேரம்."

"சித்திரை ரூம்லயும் காட்டினியா?"

"பின்ன? ஒண்ணுக்கு காட்டி ஒண்ணுக்கு காட்டாம வுடுவனா?"

அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எங்களுக்கு விளக்கினார். அந்தி நேரத்தில் சித்திரை அறையில் இன்னும் பகல். ட்யூப் லைட்டுக்கு அடியில் அகல் எரிந்தால் எலிக்கு என்ன தெரியும்? மார்கழி அறையில் அப்போது இருட்டி நேரமாகி, எலிகள் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு விளக்கைக் கண்டதும், அடடா, பொழுது இன்னும் சாயவில்லை, நாம்தான் முந்திவிட்டோம் என்று எலியின் உடம்பு கணக்கைத் திருத்திக்கொள்ளும். மறுநாள் தாமதமாக எழும். பிறகு அறை விளக்கைப் பார்த்துப் பார்த்துப் பழைய நேரத்துக்குத் திரும்பும். திரும்பி வந்து சேர்ந்ததும் அடுத்த வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

"இனிமே இங்க வெளக்கு வேண்டாம் அஞ்சலை" என்றேன் நான், பெரிய மனுஷனாக.

அஞ்சலையின் முகம் மாறிவிட்டது. "வேலைய வேணா வுட்டுடறேன் டீச்சரம்மா. அந்த நேரத்துல ரூமு இருண்டு கெடக்கறத பாத்துக்கினு என்னால போவ முடியாது."

டீச்சரம்மா அவளோடு வாதாடவில்லை. மூதேவி இல்லை என்று பாடம் எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "அண்ணே, டார்ச்சுக்குச் சுத்தற சிவப்புத்தாள் மிச்சம் இருக்கா?" என்றார். நான் ஒரு பிஸ்கட் டின்னில் நாலு பக்கமும் வெட்டி, சிவப்புத்தாள் ஒட்டி, உள்ளே அகல் வைக்கிற மாதிரி செய்து கொடுத்தேன். அஞ்சலை அதைத் தூக்கிப் பார்த்தாள். அவள் முகமெல்லாம் சிவந்து தெரிந்தது. "செவப்பு அம்மனுக்கு ஒசத்திதான்" என்றாள். அதோடு சனிக்கிழமைத் தாவல் நின்றது. விளிம்பு சுவர்போல் இறங்கியது.

வேறொருவராக இருந்தால் அப்பாடா என்று விட்டிருப்பார். இவர், அஞ்சலையின் சிவப்புத்தாள் இல்லாத பழைய அகலைக் கேட்டு வாங்கினார். "இதே விளக்கை அந்தியில காட்டாம, மார்கழி ரூமுல விடியறதுக்குக் கொஞ்சம் முந்தி காட்டினா என்ன ஆகும்?" என்றார். அஞ்சலை மீன் ஏலத்துக்குப் போகிற வழியில் காட்டிவிட்டுப் போனாள். மறுநாள் எலிகள் வழக்கத்தைவிட முந்தி எழுந்துவிட்டன. ஒரே அகல்தான். அந்தியில் காட்டினால் எலியின் நாளைப் பின்னால் தள்ளுகிறது, விடியலில் காட்டினால் முன்னால் இழுக்கிறது. "வெளிநாட்டுல வேற பிராணிக்கு இதைப் பார்த்திருக்காங்க அண்ணே. சேட்டு எலிக்குப் பார்த்தது நம்ம அஞ்சலைதான்" என்றார். அஞ்சலை ஒரு வாரம் குப்பத்தில் அதைச் சொல்லித் திரிந்தாள்.

லீவு முடியும் தறுவாயில் பேராசிரியர் மறுபடி வந்தார். அவர் வருவதற்கு முந்தின ராத்திரி சித்திரை அறையில் வழக்கம்போல் விளக்கு அணைந்ததும், டீச்சரம்மா என்னை இரண்டு அறையின் ஒயரையும் கழற்றச் சொன்னார். காலையில் எந்த அறையிலும் விளக்கு வரவில்லை. கதவு திறக்கவில்லை. கடைசிக் கேள்வி அதுதான்: வெளிச்சம் காட்டி ஏமாற்ற ஆளில்லாதபோது அந்த எலிகள் எந்த மாதத்தில் இருக்கும்?

"பழையபடி ஓடலைன்னா என்னம்மா பண்ணுவீங்க?" என்றேன்.

"ஓடலைன்னு எழுதுவேன்."

"கையெழுத்து?"

"அது அவர்கிட்ட இருக்கு. ஓட்டம் எலிகிட்ட இருக்கு. என்கிட்ட எழுதறது மட்டும்தான் இருக்கு" என்றார். சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

பேராசிரியர் சுவரில் தொங்கிய பட்டைகளைப் பார்த்தார். டீச்சரம்மா ஒரு சனிக்கிழமையையும் வெட்டியிருக்கவில்லை. பக்கத்தில் 'விளக்கு' என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தார்.

"பூஜை விளக்கையெல்லாம் ஆராய்ச்சியில எழுதுவாங்களா? யார் பண்ண வேலை இது?"

அஞ்சலை என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"யாருங்கறது எலிக்குத் தெரியாது சார். எப்போங்கறதுதான் தெரியும்" என்றார் டீச்சரம்மா.

பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இருக்கட்டும். விளக்கு அணைஞ்சா ஓடுது, எரிஞ்சா தூங்குது. சுவிட்ச் பண்ற வேலைதானே இது? எலி உடம்புக்குள்ள சித்திரையும் மார்கழியும் இருக்குன்னு நீங்க எப்படிச் சொல்ல முடியும்?"

"சுவிட்சைக் கழட்டியாச்சு சார். வாங்க, உள்ள உட்காரலாம்."

மத்தியானம். வெளியே சவுக்கின் நிழல் அப்போதுதான் சாய ஆரம்பித்திருந்தது. வெளிச்சம் உள்ளே போகாதபடி வாசலில் கறுப்புப் போர்வை தொங்கவிட்டு, நாங்கள் நாலு பேரும் மார்கழி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். இருட்டென்றால் அப்படி ஓர் இருட்டு. பக்கத்திலிருப்பவர் மூச்சை வைத்துத்தான் யார் எங்கே என்று தெரிந்தது. வறுத்த மணலின் வாசனை. பேராசிரியர் ஒரு தரம் கொசுவை அடித்தார். அப்புறம் அவரும் சும்மா இருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. டீச்சரம்மாவுக்கும் தெரிந்திருக்காது. கடிகாரத்தைப் பார்க்க வழியில்லை.

நேற்று வரை இந்த வேளைக்கு இங்கே விளக்கு அணையும், எலி எழும். இன்று அணைவதற்கு விளக்கே இல்லை.

மூலையில் எங்கோ மணல் சரிந்தது. பிறகு ஒன்றுமில்லை. டீச்சரம்மா மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. பிறகு என் டால்டா மூடிச் சக்கரம் ஒன்று கிரீச்சென்று ஒரு சுற்று சுற்றி நின்றது. மறுபடி சுற்றியது. நிற்கவில்லை. அதைக் கேட்டோ, தன் கணக்கிலோ, அடுத்த கூண்டில் ஒன்று. அதற்கடுத்தது. கொஞ்ச நேரத்தில் அறை முழுக்கச் சக்கரச் சத்தம்.

டீச்சரம்மா ஏதோ கேட்க வாயெடுத்தார். அவருக்கு முன்னால் அஞ்சலை சொல்லிவிட்டாள்:

"இப்போ, டீச்சரம்மா."

இருட்டுக்குள்ளிருந்து பேராசிரியரின் குரல் வந்தது. "அந்த விளக்கு சமாச்சாரத்தை எடுக்காதீங்கம்மா. அப்படியே எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

டீச்சரம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் நடுச்சுவரைத் தடவிக்கொண்டே போய், அதில் காதை வைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் சித்திரை அறையிலும் இதே இருட்டுதான். காலையிலிருந்து அங்கேயும் விளக்கில்லை. ஆனால் ஒரு சக்கரம்கூட ஓடவில்லை. மணல்கூடச் சரியவில்லை.

அங்கே இன்னும் பகல்.